இரண்டாவது கட்டத்தில் நான் எழுதிய பெயர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், அப்பா, உன் தம்பி மூன்று பேரும் சுகம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் இதில் சேராது, அது தனிக்குடித்தனம் போய் ரொம்ப நாளாகிறது, மழை வருமா வராதா என்பது நமக்கு முன்னால் அதற்குத்தான் தெரிகிறது. நீ அங்கே சுகமா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, அந்த வறட்டு இருமல் விட்டதா என்று உடனே பதில் போடு. சாப்பிட்டேன் என்று மட்டும் எழுதாதே, என்ன சாப்பிட்டாய் என்று எழுது, உன் சாப்பிட்டேன் எத்தனை பிஸ்கட் என்று எனக்குத் தெரியும்.

உன் தம்பி வாயில் எதுவும் தங்காது. காதும் காதும் வைத்த மாதிரி முடிய வேண்டிய விஷயத்தை உனக்கு ஃபோன் போட்டு, அம்மா ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல கடவுள்னு கையெழுத்துப் போட்டிருக்காங்க, மூணு நாள் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க என்று ஒரே மூச்சில் ஒப்பித்துவிட்டான். நீயும் பதறிப்போய், அம்மா உனக்கு என்ன ஆச்சு, வேலை செய்றப்போ தனியா பேசறியாமே, போதும்மா, வேலைய விட்டுடு என்று அழுதாய். நான் ஒண்ணுமில்ல கண்ணு, கடவுள் இருக்கார், நீ உன் வேலையப் பாரு என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. நீ கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கு ஃபோனில் கோர்வையாகப் பேச வராது, பக்கத்தில் உன் தம்பி வேறு காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு அம்மாவுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா இல்லையா என்று நீயே முடிவு செய்.

ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்கிற அறையை நீ பார்த்ததில்லை, வெளியாட்களை விட மாட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை, ஒரு பக்கம் கழுவுகிற தொட்டி, நடுவில் நீள மேஜை, அந்தப் பக்கம் பீரோ உயரத்துக்கு நீராவி மெஷின். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வருகிற கருவிகளைக் கழுவித் துடைத்து, பட்டியலைப் பார்த்து எண்ணி, ஒவ்வொரு செட்டாகத் துணியில் கட்டி, மேலே கோடு போட்ட டேப்பை ஒட்டி மெஷினுக்குள் வைக்க வேண்டும். சூடு சரியாக ஏறினால் டேப்பில் இருக்கிற கோடு கறுத்துவிடும். கறுக்காவிட்டால் திரும்ப முதலிலிருந்து. மேஜைக்கு இந்தப் பக்கம் நான் ஸ்டூல் போட்டு உட்காருவேன், எதிர் ஸ்டூலில் நெட்டை. அவளைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன், நின்றால் டியூப்லைட்டைத் துடைக்க ஏணி வேண்டாம். நான் எடுத்துச் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், அதுதான் சட்டம். ரிஜிஸ்டரில் செட்டுக்கு இரண்டு கட்டம் உண்டு, கட்டியவர் என்று ஒன்று, சரிபார்த்தவர் என்று ஒன்று.

அந்த அறையில் நான் கடவுளோடு பேசத் தொடங்கியது எப்போது என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. உனக்குப் பதினோரு வயதில் குடல்வால் ஆபரேஷன் நடந்ததே, இதே ஆஸ்பத்திரியில்தான். உன்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனதும் கதவுக்கு வெளியே நின்றேன். அப்போதுதான் பொறி தட்டியது, உள்ளே உன் வயிற்றின்மேல் பிரிக்கப்போகிற செட்டு என் மேஜையிலிருந்து போனது. அதை நான் கட்டினேனா, நெட்டை கட்டினாளா, அன்றைக்கு எனக்குத் தலைவலி இருந்ததா, அரட்டை அடித்துக்கொண்டே கட்டினேனா, ஒன்றும் நினைவில்லை. அன்றைக்குக் கடவுளிடம் உன்னைக் காப்பாற்று என்று கேட்கக்கூட வாய் வரவில்லை, நான் எண்ணும்போது நீ பக்கத்தில இருந்தியாப்பா என்று மட்டும்தான் கேட்டேன். நீ நல்லபடியாகத் திரும்பி வந்தாய். அதிலிருந்து ஒவ்வொரு செட்டையும் வாப்பா, வந்து உட்காரு, எண்ணலாம் என்று அவரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் தொடுவேன். கோயில் குளம் என்று நான் அலைந்தவள் இல்லை, உனக்கே தெரியும். ஆனால் அந்த அறையில் அவர் இருக்கிறார் என்பதில் எனக்குக் கடுகளவு சந்தேகமும் வந்ததில்லை. கத்தரியைத் துடைக்கும்போது, டேப்பைக் கிழிக்கும்போது, தொட்டியில் கையை விட்டிருக்கும்போது, எல்லாம் பேச்சுத்தான். நெட்டைக்குப் பழகிவிட்டது, உன் ஆள் இன்னிக்கு என்ன சொல்றாரு என்று கேலி செய்வாள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். நெட்டையின் மகளுக்குப் பிரசவம், மூன்று வாரம் லீவு. பதில் ஆள் கேட்டோம், வரும் வரும் என்றார்கள், வரவில்லை. போகிற அன்றைக்கு நெட்டை, என் கையெழுத்து உனக்குத் தெரியாதா, கோழி கிண்டின மாதிரி ஒரு கிறுக்கல், நீயே போட்டுக்கோ என்றாள். அடுத்த ஷிஃப்டில் எல்லோரும் செய்வது அதுதான், இல்லாதவர் கையெழுத்தை இருப்பவர் போட்டுவிடுவார். எனக்கு அது முடியவில்லை. எதிர் ஸ்டூலில் அவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்தவள் கையெழுத்தை நான் எப்படிப் போடுவேன். முதல் நாள் கட்டத்தைக் காலியாக விட்டேன். ரிஜிஸ்டர் வாங்குகிற குமாஸ்தா, காலி கட்டம் இருந்தா வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பொய் எழுதக் கூடாது, காலியாகவும் விடக் கூடாது. எண்ணும்போது கூட இருந்தது யார் என்று என்னையே கேட்டேன். இருந்தவர் பெயரை எழுதினேன். கடவுள்.

சிரிக்காதே. எனக்கு அன்றைக்கு அது கேலியாகவும் படவில்லை, பைத்தியமாகவும் படவில்லை. உண்மையை எழுதிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது என்று வை. குமாஸ்தா வாங்கிக்கொண்டார். அவருக்குக் கட்டம் நிரம்பியிருந்தால் போதும், உள்ளே யார் என்று பார்க்கிற வழக்கமில்லை. இப்படியே பதினோரு நாள் ஓடியது. பதினோரு நாளும் அந்த எதிர் ஸ்டூலில் ஒரு துண்டுகூடப் போடாமல் வைத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் இன்சார்ஜ் சிஸ்டர் ரிஜிஸ்டரோடு வந்தாள். புதிதாக மாற்றலாகி வந்தவள், உன் வயதுதான் இருக்கும், கண்கொத்திப் பாம்பு என்று எல்லோரும் பயப்படுவார்கள். கத்தப் போகிறாள் என்று நினைத்தேன். கதவைச் சாத்திவிட்டு, நின்றபடியே, அக்கா இது என்ன என்று மட்டும் கேட்டாள். நான் இப்போது உனக்கு எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன், உன் ஆபரேஷன் உட்பட. கையெழுத்தைத் திருடாமல் இருந்ததற்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுவாள் என்றுகூட எதிர்பார்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள், அக்கா, நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியுது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க பொண்ணு உள்ள படுத்திருந்த அன்னிக்கு, அந்த செட்டுக்கு எதிர்ல வேற ஒருத்தி இந்த மாதிரி கடவுள்னு எழுதியிருந்தா, ஒத்துக்குவீங்களா.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. ஒத்துக்கொள்ள மாட்டேன் கண்ணு. அவள் மென்னியைப் பிடித்திருப்பேன்.

அதற்குப் பிறகு சிஸ்டர் தியேட்டருக்கு ஃபோன் போட்டு, ஏற்கெனவே போன செட்டுகளில் குறை எதுவும் வரவில்லை என்று கேட்டு உறுதி செய்துகொண்டாள். அலமாரியில் பதினான்கு செட்டு மிச்சம் இருந்தது. எல்லாத்தையும் பிரிக்கலாம் என்றாள். பிரித்தால் திரும்பக் கட்டி திரும்ப மெஷினில் வைக்க வேண்டும், ஒரு நாள் வேலை. பிரித்தோம். நான் எடுத்துச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகத் தொட்டாள். முதல் எட்டும் சரி. எனக்கு உள்ளுக்குள் ஒரு தெம்பு வந்தது, பார்த்தாயா, அவர் பார்த்தது தப்புமா என்று. ஒன்பதாவதில் கிளாம்ப் பன்னிரண்டு என்றேன். அவள் விரல் நின்றுவிட்டது. வளைஞ்சது ஆறு, நேர் ஆறு இருக்கணும், இதுல வளைஞ்சது அஞ்சுதான்க்கா இருக்கு, நேர் ஏழு என்றாள். மொத்தம் பன்னிரண்டு, சரிதான். ஆள் மாறியிருக்கிறது. வளைந்ததும் நேரானதும் நுனியில்தான் வித்தியாசம், ஒரு விரக்கடைகூட இல்லை. உள்ளே ரத்தம் பெருகும்போது குழாயைக் கவ்விப் பிடிக்க டாக்டர் கையை நீட்டுவார், வளைந்தது கையில் விழ வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த செட்டைப் பிரிக்கிற வரைக்கும் அங்கே படுத்திருக்கிற யார் வீட்டுப் பிள்ளையோ காத்திருக்க வேண்டும். நெட்டை இருந்தால் ஒவ்வொரு தடவையும் வளைஞ்சதா, நேரா என்று கேட்பாள். இத்தனை வருஷமும் அது எனக்கு எரிச்சல். கடவுள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அவர் கேட்டிருப்பார், நான்தான் பேசிக்கொண்டே இருந்தேனே, கேட்பதற்கு எங்கே விட்டேன். மிச்ச ஐந்தும் சரியாகத்தான் இருந்தது. கடவுளைப் பொய்க் கையெழுத்துப் போட வைத்துவிட்டேன் என்பது ஒன்றுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது.

விசாரணை முடியும்வரை மூன்று நாள் வீட்டில் இருங்க என்று அனுப்பினார்கள். அந்த மூன்று நாளும் நான் அவரோடு பேசவில்லை. பாத்திரம் கழுவினேன், துணி மடித்தேன், வாயே திறக்கவில்லை. வீடு வெறிச்சென்று இருந்தது, அவர் போய்விட்டார் என்றில்லை, எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முகமில்லை. உன் தம்பி பயந்து உனக்கு ஃபோன் போட்டது அப்போதுதான், நான் தனியாகப் பேசுவது அவனுக்குப் பழக்கம், பேசாமல் இருந்ததுதான் அவனைக் கலக்கிவிட்டது. அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் தலைகீழாகச் சொல்லியிருக்கிறான். அப்பா இரண்டு நாள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டே, முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன், ஒரு நாள்கூட கடவுளக் கும்பிடாம சாவியத் திருப்பினதில்ல, ஒரு நாள்கூட கண்டக்டர் விசில் அடிக்காம வண்டிய எடுத்ததுமில்ல என்றார். மருந்து டப்பாவை மூடினார். பின்படியில ஒருத்தன் ஒத்தக் கால வச்சுத் தொங்கறது கடவுளுக்குத் தெரியும், ஆனா எனக்கு விசில்தானே சொல்லுது, அந்த விசில் யாரு அனுப்பினதுன்னு நீயே யோசி என்றார். வருஷத்துக்கு நாலு வாக்கியம் பேசுகிற மனுஷன், இந்த வருஷக் கோட்டாவை அன்றைக்கே முடித்துவிட்டார்.

அதைக் கேட்டதும் சிஸ்டருடைய விரல்தான் கண்ணுக்குள் வந்தது. ஒன்பதாவது செட்டில் அந்த விரல் நின்ற இடம். இருபத்திரண்டு வருஷமாக வா, வந்து உட்காரு என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு நிஜமாகவே வந்து என் தப்பின்மேல் விரலை வைத்தார், நான் காலி ஸ்டூலையே நினைத்துக்கொண்டு, பார்க்க முகமில்லை என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்து, மன்னிச்சுக்கோப்பா, எனக்கு ஆமாம் சாமி போடறதுக்கு உன்ன உக்கார வச்சிருந்தேன் என்றேன். சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தேன், அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. போய்விட்டவரிடம் சொன்ன மாதிரி இல்லை, பக்கத்தில் நின்றுகொண்டு காத்திருந்தவரிடம் சொன்ன மாதிரி இருந்தது.

நாலாம் நாள் கூப்பிட்டார்கள். எழுத்தில் ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான், வேலை போகவில்லை. விசாரணையில் அடுத்த ஷிஃப்டு கிறுக்கல்கள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. மற்றவங்க பண்ணினத யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, இந்தக்கா எழுதினதாலதான் ஆள் இல்லைன்னே தெரிஞ்சுது என்று சிஸ்டரே மேலே சொல்லியிருக்கிறாள். இனிமேல் ஒருவர் லீவு என்றால் தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ் வந்து எதிரே உட்கார வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. முதல் நாள் எல்லோரும் வரத் தயங்கினார்கள் போலிருக்கிறது, சிஸ்டரே வந்தாள். எதிர் ஸ்டூல் பக்கத்தில் நின்றுகொண்டு, அக்கா, நான் இங்க உக்காரலாமா, இல்ல ஆள் இருக்கா என்று முகத்தை ரொம்பச் சாதுவாக வைத்துக்கொண்டு கேட்டாள். உக்காருங்க சிஸ்டர், அவருக்கு இடத்துக்கா பஞ்சம் என்றேன். உட்கார்ந்தாள். கிளாம்ப் என்று நான் எடுத்ததும் வளைஞ்சதா, நேரா என்றாள். எனக்கு எரிச்சலே வரவில்லை.

இப்போது உன் விஷயம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ போன ஆறு மாதத்தில் மூன்று தடவை என்னிடம், அம்மா, இங்க நான் இருக்கேனா இல்லையான்னு கேக்க ஒரு ஆள் இல்ல என்று சொல்லியிருக்கிறாய். மூன்று தடவையும் நான் கடவுள் இருக்கார் கண்ணு என்று சொல்லி ஃபோனை வைத்திருக்கிறேன். போன வாரமும் அதையேதான் சொன்னேன். சொன்னது பொய்யில்லை, அவர் அங்கேயும் இருக்கிறார், உன் அறையில், நீ போகிற பஸ்ஸில், ஆறிப்போனதைச் சூடு பண்ணாமல் சாப்பிடுகிறாயே அந்த மேஜையில். ஆனால் உன் கட்டத்திலும் நான் அவர் பெயரை எழுதிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அந்தக் கட்டம் என்னுடையது. உன் குரலில் என்ன மாறியிருக்கிறது என்று தொட்டுப் பார்க்க வேண்டியவள் நான், எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். அதற்காக அம்மாவை மன்னித்துவிடு.

இனிமேல் ஒன்று விட்டு ஒரு நாள் சாயங்காலம் நானே கூப்பிடுவேன், எரிச்சல்படாதே, நெட்டை மாதிரி கேட்டதையே கேட்பேன். உன் கீழ் வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது என்றாயே, அந்த அம்மாவிடம் போய் ஒரு பட்டன் தைத்துத் தரச் சொல்லிக் கேள், உனக்குத் தைக்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் கேள். நீ பேசாவிட்டால் ஏன் பேசவில்லை என்று கேட்கிற ஆள் உனக்கு அங்கே ஒருவராவது வேண்டும். கடவுளை உன் அறையில் மட்டும் தேடாதே, கதவைத் தட்டினால் அவர் சில நாள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு, வாயில் ஊசியை வைத்துக்கொண்டு திறப்பார். நெட்டை அடுத்த வாரம் திரும்புகிறாள், பெண் குழந்தையாம், இவளை மாதிரியே கால் நீளமாம். அவள் வந்ததும் எனக்கு இருபது நாள் லீவு தருவதாகச் சிஸ்டர் சொல்லியிருக்கிறாள். வருகிறேன். உன் அறையில் இரண்டு பேர் படுக்க இடமில்லை என்று சொல்லாதே, நான் தரையில் படுப்பேன்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடி. இருமலைச் சும்மா விடாதே. உன்னை எப்போதும் விட்டு விலகாதவர் உன் கூடவே இருந்து, உன்னைத் திருத்துகிற நல்ல மனுஷர்களையும் உன் பக்கத்தில் கொண்டு வந்து உட்கார வைக்கட்டும். எழுதி முடித்ததும் அப்பாவிடம் படிக்கக் கொடுக்கிறேன், இனிமேல் எதையும் ஒற்றை ஆளாக அனுப்புவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

கட்டியவர்: உன் அம்மா

சரிபார்த்தவர்: அப்பா. முழுக்கப் படித்தேன். ஒன்று குறைகிறது. அந்த மூன்று நாளும் உன் அம்மா உன் கட்டிலில்தான் படுத்திருந்தாள். அதை எழுதவில்லை. மற்றதெல்லாம் சரி.